என் உயரத்துக்கு வெட்டிய துடுப்பு

1

வரிசையில் நின்ற வெள்ளைக்கார அம்மா ஒருவர் என் கையிலிருந்த துடுப்பை வாங்கிப் பார்த்தார். மாவை அடுப்புக்குள் தள்ளவும் வெந்த ரொட்டியை வெளியே எடுக்கவும் வைத்திருக்கிற, நீளக் காம்பு போட்ட பலகை அது. அதைத் தரையில் ஊன்றித் தன் பக்கத்தில் நிறுத்தினார். அவர் மார்புக்குத்தான் வந்தது. என்னவோ சொல்லிச் சிரித்தார். வரிசை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். பிரான்சுக்கு வந்து நான் உருப்படியாகக் கற்றுக்கொண்டது அதுதான், எல்லோரும் சிரிக்கும்போது சிரிப்பது.

"இன்னாடா சொல்றாங்க?" என்று என் மகன் வேலுவைக் கேட்டேன்.

"உங்க அம்மாவைத் தவிர வேற யாரும் இத்த வெச்சி வேலை செய்ய முடியாதுபோலக்கீதேன்னு சொல்றாங்கம்மா. பாராட்டுதான்."

பாராட்டு என்றுதான் அன்றைக்கு நானும் நினைத்தேன். ராத்திரி பாத்திரம் கழுவும்போதுதான் அது சுருக்கென்று தைத்தது. வேறு யாரும் இதை வைத்து வேலை செய்ய முடியாது. அப்படியானால் நான் இங்கிருந்து எப்படிப் போவேன்?

எனக்குக் கூட்டேரிப்பட்டுப் பக்கம் ஒரு சின்ன ஊர். ஐந்தாம் வகுப்பு வரை படித்தேன். நாலு பேர் கூடின இடத்தில் எனக்குப் பேச்சு வராது, கல்யாண வீட்டில்கூடச் சமையல் பக்கம்தான் இருப்பேன். எழுதினால் யாரும் என் முகத்தைப் பார்க்கப்போவதில்லை என்கிற தைரியத்தில் இதை எழுதுகிறேன். பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

2

பேத்தி பிறக்கப்போகிறாள் என்று ஆறு மாதத்துக்கு வந்தவள் நான். அந்தப் பேத்தி எமிலி இப்போது முதுகில் பை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறாள்.

மருமகள் செலின் புதுச்சேரிக் குடும்பத்துப் பெண். அவள் தாத்தா காலத்திலிருந்து அவர்களுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை. எங்கள் பக்கத்தில் இது எல்லோருக்கும் தெரிந்த வழிதான். வளவனூரிலும் சரி, விழுப்புரத்திலும் சரி, பிரான்சில் இருக்கிற பிள்ளை என்றால் பாதிக்குமேல் பெண் கட்டிப் போனவன்தான். "பொண்ண எடுக்கலடி நாம, புள்ளையத்தான் குடுத்தோம்" என்று என் வீட்டுக்காரர் கல்யாணப் பந்தலிலேயே சொல்லிச் சிரித்தார். அவர் என்னோடு வரவில்லை. "ஆறு மாசம்தானே, போய்ட்டு வா. ரெண்டு ஆடு கீது, அதுங்கள யாரு பாப்பா?" என்றார். ஆடுகள் போய்விட்டன. அவர் அங்கே, நான் இங்கே.

பிள்ளை பிறந்தது. பிறகு செலின் வேலைக்குப் போகவேண்டும், பிள்ளையைப் பார்க்க ஆள் வேண்டும். பிறகு எனக்கு இங்கே தங்குவதற்கு ஒரு வருட அட்டை எடுத்தார்கள். அட்டை முடிந்ததும் புது அட்டை. ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருந்தது, எதுவும் பொய்க் காரணம் இல்லை. அதனால் யார்மேலும் கோபப்படவும் வழியில்லாமல் போனது.

செலின் முதியோரைப் பார்த்துக்கொள்ளும் இடத்தில் வேலை செய்கிறாள், விடியும் முன்னே போய்விடுவாள். வேலு சரக்குக் கிடங்கில் இரவு வேலை. காலையில் வந்து படுத்தால் மத்தியானம்தான் எழுந்திருப்பான். எமிலி பள்ளிக்கூடம். நான் சத்தம் வராமல் நடக்கப் பழகினேன். கதவு மணி அடித்தால் திரைக்குப் பின்னால் நின்று பார்ப்பேன், திறக்கமாட்டேன். திறந்தால் பேசவேண்டும். வீட்டில் இல்லாத சாமான் கிடையாது. வெளியே போவதற்கு எனக்கு ஒரு காரணம்தான் கிடையாது.

எமிலிக்குத் தமிழ் புரியும், பதில் மட்டும் பிரெஞ்சில் வரும். "ஆயா" என்று கூப்பிடுவாள், மீதியெல்லாம் அவர்கள் பாஷை. சின்னதில் என் மடியில் கிடந்தபோது எங்களுக்குள் பாஷையே தேவைப்படவில்லை. இப்போது பள்ளிக்கூடத்துக் கதையை என்னிடம் தொடங்குவாள், என் முகத்தைப் பார்த்துப் பாதியில் நிறுத்திவிட்டு அவள் அம்மாவிடம் ஓடுவாள்.

3

இந்த வீட்டை வாங்கியபோது தோட்டத்துக் கோடியில் கொடி மூடிப்போய் ஒரு மேடு இருந்தது. கொடியை அறுத்துப் பார்த்தால் அடுப்பு. பெரிய பானையைக் கவிழ்த்து முன்னால் ஒரு வாய் வைத்தது மாதிரி செங்கல் அடுப்பு, ஒரு ஆள் உள்ளே சுருண்டு படுக்கலாம். உள்ளுக்குள்ளேயே விறகை எரித்து, செங்கல் சூடேறியதும் தணலையெல்லாம் வெளியே இழுத்துப்போட்டுவிட்டு, ஈரத்துணியால் தரையைத் துடைத்து, அப்புறம் மாவை வைத்து வாயை மூடவேண்டுமாம். நெருப்பை வெளியே தள்ளிவிட்டுச் சமைக்கிற அடுப்பை நான் அதுவரை பார்த்ததில்லை.

வேலுவுக்குக் கிடங்கில் மூட்டை தூக்கி முதுகு போய்க்கொண்டிருந்தது. சனிக்கிழமையில் ரொட்டியும் பீட்சாவும் சுட்டுத் தெருக்காரர்களுக்கு விற்றால், மெல்ல மெல்ல அதையே தொழிலாக்கிக்கொண்டு கிடங்கை விட்டுவிடலாம் என்று கணக்குப் போட்டான். மாவு பிசையச் செலின் கற்றுக்கொண்டாள். அடுப்புச் சாமான்களின் விலையைப் போனில் பார்த்துப் பார்த்து வேலு மூடிக்கொண்டிருந்தான்.

"மரத்துலயே பண்ணிக்கலாமேடா" என்றேன்.

அப்படி ஒரு வார்த்தையை நான் ஏன் சொன்னேன் என்று இப்போதும் யோசிக்கிறேன். கை சும்மா இருந்ததுதான் காரணமாக இருக்கவேண்டும்.

மூன்று சாமான் வேண்டும். தணலை வெளியே இழுக்க வாரி, ரொட்டிக்குத் துடுப்பு, அடுப்பு வாயை அடைக்கக் கதவுப் பலகை. வாரியைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. விழுப்புரத்தில் அரிசி மில் களத்தில் நான் தள்ளிய பலகையேதான் அது. கல்யாணத்துக்கு முன்னாலும் பின்னாலும் அந்த மில்லில்தான் எனக்கு வேலை. அவித்த நெல்லைக் களத்தில் கொட்டுவார்கள், நாங்கள் பலகையால் தள்ளிப் பரப்பிக் காயவைப்போம். அங்கே ஒரு வழக்கம் உண்டு. பலகை ஆளுக்கொன்று. காம்பு அவரவர் மோவாய் உயரம். அதற்குமேல் இருந்தால் தோள் வலிக்கும், குறைந்தால் இடுப்பு போய்விடும். புதிதாக ஒரு பெண் வேலைக்கு வந்தால் முதலில் அவளைச் சுவரோரம் நிறுத்தி அளவெடுப்பார்கள். ஒருத்தி பலகையை இன்னொருத்தி தொடமாட்டாள், தொட்டால் அன்றைக்குக் களத்தில் சண்டைதான்.

அந்த வழக்கப்படி என் மோவாய்க்கு அளவெடுத்தேன். அடுப்பு மகனுடையது, தொழில் மகனுடையது, அவன் என்னைவிட அரை முழம் உயரம் என்பதெல்லாம் எனக்குத் தோன்றவே இல்லை. பலகை செய்கிறவள் தன் மோவாய்க்குத்தான் அளவெடுப்பாள். வேறு மாதிரி எனக்குத் தெரியாது.

4

மரத்துக்கு என் வீட்டுக்காரரைத்தான் கேட்டேன். திண்டிவனத்து மரவாடியில் கட்டை ஏற்றி இறக்கியே முழங்கால் தேய்ந்த மனிதர். இழைப்புளி பிடித்தவர் இல்லை, தச்சர்கள் பக்கத்தில் நின்று பார்த்தவர். இங்கே காலை பத்து மணி என்றால் அங்கே சாப்பாட்டு நேரம் தாண்டியிருக்கும். போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்.

வேலு கிடங்கிலிருந்து கொண்டுவந்த சரக்குப் பலகையை முதலில் காட்டினேன்.

"அதுல முத்திரை ஏதாச்சும் குத்திக்கீதா பாரு."

"எழுத்து என்னவோ கீதுங்க."

"அப்ப தூர வை. பூச்சிக்கு மருந்து அடிச்சதா இருந்தா ரொட்டி தின்றவன் இன்னா ஆவறது? உன்ன ஜெயில்ல போட்டா நான் அங்க வர முடியாது, சொல்லிட்டேன்."

பக்கத்து வீட்டுப் பெரியவர் தன் தோட்டத்தில் வெட்டிய மரத்தை அறுத்துக் காயவைத்திருந்தார். வேலு கேட்டதும் பலகையும் நீளக் கழிகளும் வேலிக்கு மேலேயே எடுத்துக் கொடுத்தார். அதைக் காட்டினேன்.

"கிட்ட கொண்டாம்மே, நரம்பு எப்படி ஓடுது பாக்கலாம். இது வேப்பமுமில்ல, வாகையுமில்ல. ஆனா நெருக்கமாக்கீது. கடிச்சிப் பாரு."

"இன்னாது?"

"கடிடி. கசந்தா வேணாம். ரொட்டியில கசப்பு ஏறிடும்."

கடித்தேன். தலையைத் தூக்கினால் வேலிக்கு அந்தப் பக்கம் பெரியவர் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார். நான் வாயில் மரத்தோடு நிற்கிறேன். போனில் என் வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரிக்கிறார். பெரியவர் ஒன்றும் கேட்காமல் உள்ளே போய்ப் பிஸ்கட் பாக்கெட் ஒன்றைக் கொண்டுவந்து வேலிமேல் வைத்துவிட்டுப் போனார். பசிக்கிறது என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது.

கசக்கவில்லை. வேலுவின் ரம்பத்தால் அறுத்து, சின்னக் கோடாலியால் செதுக்கினேன். துடுப்பின் முகம் முறம் அகலம். முனையைத் தோசைத் திருப்பி மாதிரி மெல்லிசாக்கவேண்டும், அப்போதுதான் ரொட்டிக்கு அடியில் நுழையும். காம்பைப் பொருத்த ஆணி அடிக்காதே என்றார் என் வீட்டுக்காரர், சூட்டில் ஆணி இளகும். துளையிட்டு மர ஆப்பு அடித்தேன். கடலை எண்ணெய் தடவட்டுமா என்றதற்கு, "மல்லாட்ட எண்ணெயத் தடவி வறுக்கப் போறியா? புகையும். சும்மா உடு" என்றார். வாரிக்கும் கதவுக்கும் தடிப்பலகை. வேலைக்கு முன்னால் இரண்டையும் தண்ணீரில் ஊறப்போட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் அவையே விறகாகிவிடும்.

ஒரு நாள் ஆப்பு பிளந்து அழுகையாக வந்தது. "உடு, இன்னொண்ணு செதுக்கு. அவசரம் இன்னா? ஜல்தி ஜல்தின்னு செஞ்சா இப்பிடித்தான். முடிச்சிட்டா நாளைக்கு என்கிட்ட இன்னா பேசுவ?" என்றார். அது எனக்கு உறைத்தது. அந்த நாட்களில்தான் நாங்கள் இரண்டு பேரும் நிறையப் பேசினோம். அதற்கு முன் தினமும் "சாப்டீங்களா", "சாப்ட்டேன்" என்பதோடு சரி.

5

கடைசியாக உப்புத்தாள். துடுப்பு வழவழவென்று இருந்தால்தான் மாவு வழுக்கிக்கொண்டு இறங்கும். நான் நாள் முழுக்கத் தேய்த்தேன். சத்தமில்லாத வேலை, வேலு தூங்கும்போதும் செய்யலாம்.

அந்தச் சமயத்தில் புது அட்டைக்கு அலுவலகத்தில் வரச்சொல்லியிருந்தார்கள். கண்ணாடி மேல் விரலை வைக்கச் சொன்னார்கள். வைத்தேன். மிஷின் சிவப்பு விளக்கைக் காட்டியது. துடைத்துவிட்டு வைத்தேன், சிவப்பு. அந்தப் பெண் எழுந்து வந்து தன் கையால் என் விரலைப் பிடித்து அழுத்திப் பார்த்தாள். ஒவ்வொரு விரலுக்கும் சிவப்பு.

"இன்னாம்மா பண்ணிக்கினு வந்த?" என்று வேலு என் கையைத் திருப்பிப் பார்த்தான். ரேகையே இல்லை. மில்லில் சுடுநெல் தள்ளித் தேய்ந்ததில் மீதியிருந்ததை உப்புத்தாள் எடுத்துவிட்டது. அந்தப் பெண் சிரித்த முகத்தோடுதான் சொன்னாள், தோல் வளர்ந்த பிறகு வேறு தேதி தருவோம் என்று. அதுவரைக்கும் நான் இங்கே இருக்கலாம் என்று ஒரு தாள் கொடுத்தார்கள். இருக்கலாம், அவ்வளவுதான். நாட்டை விட்டு வெளியே போய்விட்டால் அந்தத் தாளைக் காட்டித் திரும்பி வரமுடியாது.

பஸ்ஸில் திரும்பும்போது வேலு என் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டே வந்தான். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

6

சனிக்கிழமை வியாபாரம் பிடித்துக்கொண்டது. தெருக்காரர்கள் வந்தார்கள், அடுத்த தெருவிலிருந்தும் வந்தார்கள். மாவு ஒட்டாமலிருக்கத் துடுப்பில் கேப்பை மாவைத் தூவினேன், தமிழ்க் கடையில் வாங்கியது அதுதான் கைவசம் இருந்தது. ரொட்டிக்கு அடியில் கறுப்பாகப் பிடித்துக்கொண்ட அந்த மாவின் வாசம் அவர்களுக்குப் பிடித்துப்போனது.

வேலுவும் செலினும் என் துடுப்பைப் பிடித்துப் பார்த்தார்கள். செலினுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. வேலு குனிந்து தள்ளினால் முகம் அடுப்பு வாய்க்கே போய்விடும். ஒரு தடவை புருவம் பொசுங்கியது, எமிலி அவனைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தாள். அதற்குப் பிறகு யாரும் அதைத் தொடவில்லை. "அது அத்தையோட கை. அத்தை இல்லாட்டி அடுப்பு இல்ல" என்று செலின் எல்லோரிடமும் சொன்னாள். அன்பாகத்தான் சொன்னாள். கடைக்கு வேறு நீளத்தில் ஒன்று வாங்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை, நான் இருக்கும்போது எதற்கு?

தணலுக்கு முன்னால் நிற்கையில் எனக்குக் குளிர் தெரியாது. அது ஒன்றுதான் சுகம். வாரத்தில் ஒரு நாள் என்பது வெள்ளியும் சனியும் ஆனது.

அப்படி ஒரு வெள்ளிக்கிழமை ஊருக்குப் போன் போட்டேன். எடுத்தார். முகம் தெரியவில்லை, வெள்ளையடித்த கூரையும் மின்விசிறியும்தான் தெரிந்தன. எங்கள் வீட்டுக் கூரை ஓடு.

"எங்க இருக்கீங்க?"

"வீட்லதான்."

"நம்ம வீட்ல ஏதுங்க வெள்ளக் கூர?"

போன் கை மாறியது. பிறகு பக்கத்து வீட்டுப் பிள்ளை ஏழுமலையின் குரல் கேட்டது. "ஆயா, முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரில கீறோம். தாத்தா பாத்ரூம்ல வழுக்கிட்டாரு. இடுப்புல அடி. உன்கிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கினாரு."

"டேய், போனக் குடுறா" என்று அவர் வாங்கினார். "ஒண்ணுமில்லம்மே. எலும்பு ஒடயல. நல்லாத்தான் கவனிக்கிறாங்க. நீ ரொட்டியப் பாரு, கருகிடப் போவுது."

"யாரு உங்களுக்கு சோறு ஆக்குவாங்க?"

"நான் ஆக்கிக்கினுதானே கீறேன் இத்தினி வருசமா. இப்ப மட்டும் இன்னா புதுசு?"

அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். அதற்குப் பிறகு என் காதில் வேறு எதுவும் விழவில்லை.

7

அன்று மத்தியானம் வேலு எழுந்து காபி குடிக்கும்போது சொன்னேன். "நான் ஊருக்குப் போறேன்டா."

அவன் அப்பாவிடம் பேசிவிட்டுத்தான் வந்திருந்தான். "ஏழுமலை பாத்துக்கிறேன்னு சொல்லிக்கிறான்மா. சமையலுக்கு ஒரு அம்மாவ ஏற்பாடு பண்ணிட்டேன். நீ இப்ப போனா திரும்பி வர முடியாது. அட்டை வரட்டும், நானே கூட்டிக்கினு போய் உட்டுட்டு வர்றேன்."

"அட்டை எப்ப வரும்?"

"வெரல் வளரணும்ல."

இரண்டு பேரும் என் விரலைப் பார்த்தோம். பிறகு அவன், "பண்டிகைக்கு நெறைய பேரு சொல்லி வெச்சிட்டாங்கம்மா. இந்த சீசன் ஓடிச்சின்னா கிடங்கு வேலைய உட்டுடுவேன். என் முதுகப் பாக்குறல்ல?" என்றான்.

பார்க்கிறேன். படியேறும்போது கைப்பிடியைப் பிடித்து நின்று நின்று ஏறுகிறான். நான் பெற்ற முதுகு. அதற்கு மேல் என்ன பேசுவது?

அதற்கடுத்த சனிக்கிழமைதான் அந்த வெள்ளைக்கார அம்மா துடுப்பைத் தன் மார்புக்கு வைத்துப் பார்த்தது. அந்தச் சிரிப்பிலிருந்துதான் எனக்கு யோசனை வந்தது. இந்த அடுப்பில் என்னைக் கட்டிப்போட்டது அட்டையும் இல்லை, பண்டிகையும் இல்லை. நான் வெட்டிய காம்புதான். அப்படியானால் இன்னொரு காம்பு வெட்டவேண்டும்.

வேலுவின் மோவாய் அளவு வேண்டும். தூங்கும்போது எடுக்கலாம், ஆனால் படுத்திருக்கிற மனிதனை அளவெடுக்க எனக்கு மனம் வருமா? எங்கள் பக்கத்தில் படுத்தவனை அளக்கிறது எதற்கென்று உங்களுக்குத் தெரியும். அதனால் அவன் சமையலறையில் நின்றபோது, "அசையாம நில்லுடா" என்று சொல்லி என் முந்தானையைத் தரையிலிருந்து தூக்கிப் பிடித்தேன்.

"இன்னாம்மா, ஸ்வெட்டர் பின்னப் போறியா?"

"ஆமா."

பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் நானே போனேன். வேலிக்குப் பக்கத்தில் நின்று கையை உயர்த்தி நீளத்தைக் காட்டினேன். கழியும் பலகையும் கொடுத்தார், கூடவே பிஸ்கட்டும். இந்தத் தடவை போனைப் போடவில்லை. என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து கட்டிலில் இருந்தார். அவரைக் கேட்காமலேயே வேலை என் கைக்கு வந்தது. உப்புத்தாள் பிடிக்கும்போது மட்டும் கையில் துணியைச் சுற்றிக்கொண்டேன்.

முடித்து வேலுவின் கையில் கொடுத்தேன். "இது உன் உசரத்துக்கு."

சுழற்றிப் பார்த்தான். அடுப்புக்குள் விட்டுப் பார்த்தான். முகம் தூரமாக நின்றது, இடுப்பு வளையவில்லை. குழந்தை மாதிரி சிரித்தான். "செலின், இங்க வந்து பாரு! மா, சூப்பர்மா. இனிமே ரெண்டு பேரும் ரெண்டு பக்கம் நின்னா டபுளா போடலாம். ஞாயித்துக்கிழமையும் தொறந்துடலாம்."

நான் உள்ளே போய்விட்டேன்.

8

"சொல்லிட்டியா?" என்று போனில் என் வீட்டுக்காரர் கேட்டார்.

"துடுப்பு செஞ்சி குடுத்துட்டேன்."

"துடுப்பு பேசுமாடி? வாயி எதுக்குக் கீது? நான் பாடையில ஏறினப்புறம் வந்து மாரடிச்சிக்கப் போறியா?"

அவர் என்னிடம் அப்படிப் பேசியதே இல்லை. பேசியதும் அவருக்கே சங்கடமாகிவிட்டது. "மாத்திர சாப்ட்டா வாயி கொழறுது" என்று வைத்துவிட்டார்.

சனிக்கிழமை காலையில் விறகை அடுக்கினேன், எரியவிட்டேன், தணலை இழுத்தேன், தரையைத் துடைத்தேன். எல்லாம் வழக்கம்போல. ஆட்கள் வந்து வரிசையாக நின்றார்கள். அப்போது நான் போய்த் தோட்டத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன். சால்வைக்குள் கையை வைத்துக்கொண்டேன்.

"மா, வா. சூடு எறங்குது" என்றான் வேலு.

எழுந்திருக்கவில்லை.

"அத்தை, உடம்பு சரியில்லையா?" என்று செலின் ஓடிவந்தாள். இல்லை என்று தலையாட்டினேன்.

வரிசை என்னையே பார்த்தது. இத்தனை கண் ஒரே நேரத்தில் என்மேல் பட்டதில்லை. வேலு கொஞ்சம் நின்றுவிட்டுத் தன் துடுப்பை எடுத்தான். முதல் மாவு பாதி வழியில் சறுக்கி, இழுத்துப்போட்டிருந்த சாம்பலில் விழுந்தது. அடுத்ததை ஓரத்தில் வைத்துவிட்டு மறந்தான், கரியாகி வந்தது. எழுந்து அடுப்புக்குப் போய்விடலாமா என்று என் கால் துடித்தது. நாற்காலியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அதற்கடுத்தது ஒரு பக்கம் சிவந்து, ஒரு பக்கம் வெளுத்து, ஆனால் ரொட்டியாக வந்தது. யாரோ கை தட்டினார்கள்.

வேலு திரும்பி என்னைப் பார்த்தான். அப்போது சொன்னேன், கொஞ்சம் உரக்கவே. "எனக்கு டிக்கெட் போடு. உங்க அப்பாகிட்டப் போறேன்."

நாலு பேர் முன்னால் நான் பேசியது என் வாழ்க்கையிலேயே அதுதான். நல்லவேளை, எங்களைத் தவிர அங்கே யாருக்கும் தமிழ் தெரியாது.

அவன் திரும்பி அடுத்த மாவைப் போட்டான். அப்புறம் அதற்கடுத்தது. கடைசி ஆள் போகும்வரைக்கும் போட்டுக்கொண்டே இருந்தான். பிறகு என் பக்கத்தில் வந்து புல்லில் உட்கார்ந்தான். புருவமெல்லாம் சாம்பல்.

"ரொட்டிக்காவ உன்ன புடிச்சி வெச்சிக்கினு இருந்தேன்னு நெனச்சியாம்மா?"

"இல்லடா."

"எனக்கும் அப்பாவப் பாக்கணும்னு இருக்காதா? இங்கருந்து நெனச்ச நேரத்துக்கு என்னால நவுர முடியல. நீ இங்க கீற, அதனால நான் ஊருக்குப் போவாட்டியும் பரவால்லன்னு என்னையே ஏமாத்திக்கினு இருந்தேன்."

என்னைக் கட்டியிருந்த கயிற்றைத்தான் நான் இத்தனை நாள் பார்த்தேன். அவனுக்கும் ஒன்று இருந்திருக்கிறது. அதை அவிழ்க்க எனக்குத் தெரியவில்லை. அவன் தலையில் இருந்த மாவைத் தட்டிவிட்டேன். வேறென்ன செய்வது?

எமிலி வந்து அவன் முதுகில் சாய்ந்துகொண்டு பிரெஞ்சில் ஏதோ கேட்டாள். அவன் சொன்னான். அவள் என்னைப் பார்த்தாள், "ஆயா, போற?" என்றாள். தமிழில் கேட்டாள். நான் தலையாட்டினேன். அந்த ஒரு சொல்லுக்காக இங்கேயே இருந்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது உண்மை. அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

சாயந்திரம் வேலு போனை எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தான். சென்னை வரைக்கும் டிக்கெட், அங்கிருந்து ஏழுமலை கார் கொண்டுவருவான் என்றான். பெயரைப் போட்டான், பாஸ்போர்ட் நம்பரைப் போட்டான். பிறகு கை நின்றது.

"திரும்பி வர்ற தேதி கேக்குது. இன்னா போடட்டும்?"

அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை, நானும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஒண்ணும் போடாத" என்றேன்.

விரலைத் தூக்கிக்கொண்டு ரொம்ப நேரம் வைத்திருந்தான். பிறகு அழுத்தினான்.